சாலைக் கோடு விழுவதற்கு முன் ஒரு பட்டியல்: சிறுநகரத்தில் பழமையைக் காத்துக்கொண்டே வளர்வது எப்படி

நில அளவர் வந்து சாலையோரத்தில் சிவப்பு வண்ணக் குறி இட்டுவிட்டுப் போன பிறகு, அந்தக் குறிக்குள் நிற்கும், பழங்கால வீரரின் நினைவாக நட்ட நடுகல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் தோற்றுத்தான் போகும். மதிப்பீடு தயாராகிவிட்டது, ஒப்பந்தப்புள்ளி திறக்கப்பட்டுவிட்டது, நிதியாண்டு முடிவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும் என்று அலுவலர் சொல்வார். அவர் சொல்வதில் பொய்யும் இருக்காது. தருமபுரி மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் இதை நான் நேரில் பார்த்தேன். வேப்பமரத்தடியில் வேடியப்பன் என்று ஊரார் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவந்த கல், ஒரு காலைப் பொழுதில் பொக்லைன் வாளியில் ஏறி, இரண்டு துண்டாக இறங்கியது. வண்டி ஓட்டியவரோ ஒப்பந்ததாரரோ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அப்படி ஒரு கல் அங்கே இருக்கிறது என்று அவர்கள் கையில் இருந்த எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்தத் தாளை எப்படி எழுதுவது, யாரிடம் எப்போது கொடுப்பது, கொடுத்த பிறகு எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பேரூராட்சிகளிலும் சிறு நகராட்சிகளிலும் வாழும் ஆசிரியர்கள், வார்டு உறுப்பினர்கள், வணிகர் சங்கத்தார், பழைய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் குடும்பத்தார் ஆகியோரை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். வளர்ச்சியை எதிரியாக நினைப்பவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. அதன் தொழிற்சாலைகளும் நாற்கரச் சாலைகளும் சுற்றுவட்டாரத்தின் நில விலையை எங்கோ கொண்டுபோய்விட்டன. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் இருப்பவர்களைப் பார்த்து, இடிக்காதீர்கள், கட்டாதீர்கள் என்று மட்டும் சொன்னால் யாரும் காது கொடுக்கப் போவதில்லை.

சட்டம் எதுவரை வரும்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழமையானது எல்லாம் அரசின் பாதுகாப்பில் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலிலோ, மாநிலத் தொல்லியல் துறையின் பட்டியலிலோ அறிவிக்கை மூலம் சேர்க்கப்பட்டவை மட்டுமே பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் ராயக்கோட்டையின் மலைக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் வருபவை. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இத்தகைய சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்தில் புதுக் கட்டுமானம் கூடாது. இரண்டாவது வட்டத்தில் முன் அனுமதி பெற்றுக் கட்டலாம்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, அளவைக் கோட்டைச் சுவரிலிருந்தோ கோயில் கோபுரத்திலிருந்தோ தொடங்குவது. அளவு தொடங்க வேண்டியது அறிவிக்கை செய்யப்பட்ட எல்லையிலிருந்து. அந்த எல்லை சில இடங்களில் மலையடிவாரம் வரைகூட வரலாம். ஆகவே மனை வாங்குவதற்கு முன்பே அந்த எல்லைக்குள் வரும் புல எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றொன்று, 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டை ஒன்றுமே செய்ய முடியாது என்று கைவிட்டுவிடுவது. 1992 ஜூன் 16-ஆம் தேதிக்கு முன்பிருந்தே நிற்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் தகுதி வாய்ந்த அலுவலரிடம் விண்ணப்பித்து அனுமதி பெறச் சட்டம் இடம் தருகிறது. இடித்துவிட்டு மறுபடி கட்டுவது மட்டும் பழுதுபார்ப்பதில் சேராது. கோட்டை மலைகளின் அடிவாரத்தில் வசிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததாலேயே, கூரை ஒழுகும் வீட்டை ஒழுகவே விட்டு, இறுதியில் அது தானாக விழுந்த பிறகு புதிதாகக் கட்ட அனுமதியில்லை என்று வருந்தும் நிலைக்கு வருகிறார்கள்.

மாநிலப் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தும். இவ்விரண்டு பட்டியலுக்கும் வெளியே நிற்பவைதான் நம் பகுதியில் மிகுதி: நடுகற்கள், இறந்தோருக்காகக் கற்களால் அமைத்த ஈமச் சின்னங்களான கல்திட்டைகள், கல்வட்டங்கள், ஏரி நீரைத் திறந்துவிடும் தூம்புகள், கல் மண்டபங்கள், திண்ணை வைத்த வீடுகள், சந்தைத் திடல்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காவல், ஊராரின் நினைவும் வழிபாடும் மட்டுமே.

பட்டியலை எழுதுவது

வேலையில் முக்கால் பங்கு இதுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை ஓரளவு தாமாக நடக்கும்.

பொருளின் பெயரைவிட அது நிற்கும் நிலத்தின் எண் முக்கியம் என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். “ஏரிக்கரை நடுகல்” என்று எழுதிக் கொடுத்தால் எந்த அலுவலகத்திலும் அது கோப்பாகாது. வருவாய்க் கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண், நிலத்தின் வகை ஆகிய நான்கும் இருந்தால் பொறியாளர் தம் வரைபடத்தில் அதை ஒரு புள்ளியாக வைத்தே ஆக வேண்டும். அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் அ-பதிவேட்டு (நிலத்தின் வகை, உரிமை குறித்த வருவாய்ப் பதிவேடு) விவரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்க முடிகிறது. இணையத்தில் தெளிவில்லாத இடத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று கேட்கலாம்; பொறுமையாகக் கேட்டால் பலர் உதவுகிறார்கள். நிலம் பட்டாவா, நத்தமா, ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா என்பதைப் பொறுத்து, பின்னால் நீங்கள் பேச வேண்டிய அலுவலகமே மாறிவிடும்.

இந்தப் புல எண்ணுக்குப் பின்னாலும் நம் மண்ணின் வரலாறு இருக்கிறது. 1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், நம் பகுதி அடங்கிய பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் இப்பகுதியின் நிலங்களை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி விதிக்கும் முறையை இங்கேதான் வகுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுவதும் பரவிய முறையின் சோதனைக் களம் நம் ஊர்கள். ஆகவே பழைய நிலப் பதிவேடுகளைத் தூசி தட்டிப் பார்ப்பதும் பழமையைத் தேடுவதில் ஒரு பகுதிதான். கோயில் மானியம், ஏரி, சத்திரம், சாவடி என்று அவற்றில் இருக்கும் குறிப்புகள், இன்று கடையாகவோ காலி மனையாகவோ தோன்றும் இடத்தின் முந்தைய பயன்பாட்டைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, ஊரார் அதை எப்படி அழைக்கிறார்கள் என்பதை அப்படியே எழுத வேண்டும். நம் பகுதியில் நடுகல் என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. வேடியப்பன் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசுவோர் மிகுதி. கல்வெட்டுகளும் அம்மொழிகளில் கிடைக்கும். அங்கே வீரகல்லு என்று கேட்க வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள், பூசாரிகள், ஏரி நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியின் குடும்பத்தார் ஆகியோரிடம் பேசாமல் போடப்படும் பட்டியல் பாதிப் பட்டியலே. ஒருமுறை கல்லூரி மாணவர்களோடு மூன்று நாள் சுற்றி ஒன்பது இடங்களைக் குறித்துவைத்திருந்தேன். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி அரை மணி நேரத்தில் மேலும் ஐந்து இடங்களைச் சொன்னார்.

ஒவ்வொன்றுக்கும் உயரம், அகலம், தடிப்பு, அது நோக்கும் திசை, தற்போதைய நிலை, யார் வழிபடுகிறார்கள், எந்த நாளில் வழிபடுகிறார்கள், என்ன ஆபத்து நெருங்குகிறது, தகவல் சொன்னவர் யார் என்பவற்றைக் குறிக்க வேண்டும். கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளலாம். படம் எடுக்க நண்பகல் உகந்ததல்ல. காலை ஏழு மணி வாக்கிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் கல்லின் மீது பக்கவாட்டில் விழும்போது, மழுங்கிய எழுத்துகூட நிழல் பிடித்துத் தெரியும். இரவில் டார்ச் விளக்கைப் பக்கத்திலிருந்து அடித்தும் எடுக்கலாம். படத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்குக்கட்டி தேய்ப்பது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது, அமிலம் ஊற்றுவது ஆகியவற்றைச் செய்யவே கூடாது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். மேலே எனாமல் பூசியிருந்தால் அதை எடுக்கும் வேலையைத் துறையினரிடம் விட்டுவிட வேண்டும். ஈரத் தாளை ஒற்றி மை தட்டி எடுக்கும் படியெடுப்பும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. கிருஷ்ணகிரியின் அரசு அருங்காட்சியகத்தையும், நடுகற்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் தருமபுரி அகழ்வைப்பகத்தையும் அணுகினால், கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்களோடு தொடர்பு கிடைக்கும்.

கைக்கு எடுக்கக்கூடிய சிலைகள், ஈமச் சின்னங்கள் ஆகியவற்றின் துல்லியமான இருப்பிடத்தை முகநூலிலோ யூடியூபிலோ போடுவதைத் தவிர்க்க வேண்டும். கல்திட்டைக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. நல்லெண்ணத்தில் ஒருவர் போட்ட காணொளியைப் பார்த்துவிட்டு இரவில் கடப்பாரையோடு வருபவர்கள் இருக்கிறார்கள். இருப்பிடம் அலுவலகங்களுக்கு, கதை ஊருக்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எதை விட்டுக்கொடுப்பது

பட்டியலில் நூறு இருந்தால் நூறையும் அப்படியே காக்க முடியாது. தொடக்க காலத்தில் நான் எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டேன்; கேட்டவர்களுக்கு எது முக்கியம் என்று புரியவில்லை, எதுவும் கிடைக்கவில்லை. இப்போது மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்கிறேன்.

இருந்த இடத்திலேயே இருந்தால்தான் பொருளுள்ளவை முதல் வகை. ஈமச் சின்னங்கள், பாறை ஓவியங்கள், பாறையில் வெட்டிய கல்வெட்டுகள், கோட்டைச் சுவர்கள், ஏரித் தூம்புகள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றைத் தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடக் கூடாது என்பதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையே சான்று. பார்வைக்கு மற்ற குன்றுகளைப் போலத் தெரியும் அந்த இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை செய்த அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொதுஆண்டுக்கு முன் 2172 என்று கணிக்கப்பட்டு, 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சரிவு முன்னரே கல் குவாரியாகப் போயிருந்தால், நாலாயிரத்து இருநூறு ஆண்டுச் செய்தி ஜல்லியாகி எங்கோ ஒரு பாலத்துக்குள் இருந்திருக்கும். கிரானைட்டுக்குப் பெயர் போன மாவட்டத்தில் இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. குவாரிக் குத்தகை அறிவிப்பு வரும்போது அதில் குறிப்பிடப்படும் புல எண்களை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயன்பாடு மாறினாலும் உருவம் நிலைக்கக்கூடியவை இரண்டாம் வகை: திண்ணை வீடுகள், பழைய பள்ளிக் கட்டடங்கள், சாவடிகள், சத்திரங்கள், சந்தைகள். மூன்றாம் வகையில், படமும் அளவும் எடுத்து ஆவணப்படுத்திவிட்டு மனம் கலங்காமல் விட்டுவிடக்கூடியவை வரும். சுவர் பிளந்து, ஏழு வாரிசுகளுக்குப் பங்கு பிரிந்து, கூரை போன வீட்டை ஊர் காக்க முடியாது. அதன் கதவு, தூண், உத்திரம் ஆகியவற்றையாவது ஊருக்குள் வேறொரு பழைய வீட்டின் பழுதுக்குப் பயன்படுத்தச் செய்யலாம். முதல் வகையில் உறுதியாக நிற்க வேண்டுமானால் மூன்றாம் வகையில் தாராளமாக இருக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் எதிர்ப்பக்கம் அமர்ந்திருப்பவர் உங்கள் நேர்மையை அளப்பது இதை வைத்துத்தான்.

யாரிடம், எந்த நேரத்தில்

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையிலிருந்து தொடங்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் சபை கூடுகிறது. ‘நம் ஊரின் பழமையைக் காக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதும் தீர்மானம் எதற்கும் உதவாது. ‘இன்ன வருவாய்க் கிராமம், இன்ன புல எண்ணில் உள்ள நடுகல்லும் அதைச் சுற்றிய இவ்வளவு பரப்பும் எந்தப் பணிக்கும் எடுக்கப்படக் கூடாது, இப்பட்டியலின் நகல் வட்டாட்சியருக்கும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் அனுப்பப்பட வேண்டும்’ என்று எழுதினால் அது ஆவணமாக நிற்கும். பேரூராட்சி, நகராட்சிகளில் மன்ற உறுப்பினர் வழியாகவும் வார்டு அளவில் கூடும் பகுதி சபை வழியாகவும் இதையே செய்யலாம்.

நகர் ஊரமைப்பு இயக்ககம் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபனைகளையும் யோசனைகளையும் கேட்கும் காலம் அடுத்த வாய்ப்பு. நாளிதழின் ஓரத்தில் வரும் அந்த அறிவிப்பைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. எந்தத் தெரு எத்தனை அடியாக அகலும், எந்த விளைநிலம் வணிகப் பகுதியாகும் என்பதெல்லாம் அந்த வரைவில் இருக்கிறது. கடைத்தெரு முழுவதையும் அகலப்படுத்துவதாக வரைவு சொன்னால், அதை எதிர்ப்பதோடு நிறுத்தாமல், கனரக வாகனங்களைப் புறவழிச்சாலைக்குத் திருப்பலாம், சரக்கு இறக்குவதைக் காலை எட்டு மணிக்கு முன் என வரையறுக்கலாம், கோயில் தெருவை ஒருவழிப் பாதையாக்கலாம் என்று மாற்று யோசனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். மாற்று இல்லாத ஆட்சேபனை, பதிவு செய்யப்பட்டது என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும்.

சாலைப் பணியைப் பொறுத்தவரை, மதிப்பீடு தயாராவதற்கு முந்தைய அளவீட்டுக் கட்டமே நல்ல நேரம். அப்போது சாலையின் எல்லைக் கோட்டினை இரண்டு மீட்டர் தள்ளுவது ஒரு பென்சில் வேலை. ஒப்பந்தம் போட்ட பிறகு அதே இரண்டு மீட்டர் கூடுதல் செலவு, திருத்திய மதிப்பீடு, தணிக்கைக் குறிப்பு. எந்தப் பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் நேரில் போய்க் கேட்டுக் கிடைக்காத பிறகே மனுவை எழுத வேண்டும் என்பது என் கருத்து. முதல் சந்திப்பிலேயே மனுவை நீட்டினால் அந்த அலுவலகம் உங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடும்.

பழைய வீட்டில் வாழ்வதற்கு

பழைய வீட்டை இடிக்கும் முடிவுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கின்றன: பங்கு பிரியாதது, கழிவறையும் வண்டி நிறுத்தும் இடமும் இல்லாதது, மழைநீர் வீட்டுக்குள் புகுவது. முதலாவதற்குக் குடும்பமே வழி தேட வேண்டும். இரண்டாவதற்கு, முன்கட்டையும் திண்ணையையும் வைத்துக்கொண்டு பின்கட்டில் புதிதாகக் கட்டுவதே நம் ஊர் மனைகளின் நீளத்துக்குப் பொருந்துகிறது. தெருப்பக்கத் திண்ணையையும் முன் அறையையும் தையல் கடைக்கோ மருந்துக் கடைக்கோ வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் கூரையைப் பராமரிக்கும் குடும்பங்கள் உண்டு. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் மரபு ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாடகை வருகிறவரை அந்த வீடு நிற்கும்.

மூன்றாவது காரணம் தெருவிலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறிப் போன திண்ணை இன்று சாலைக்குக் கீழே போய்விட்டது. கோயில்களிலும் இப்படித்தான் அதிட்டானம் என்னும் கல் அடித்தளத்தின் அடிவரிசையும் அதிலுள்ள கல்வெட்டும் மண்ணுக்குள் போகின்றன. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். சாலை போட வருபவர்களிடம் இதை நினைவூட்டி, வேலை தொடங்கும் முன் வாசற்படியின் உயரத்தை அளவுநாடா வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரு தெருவின் அத்தனை பழைய வீடுகளையும் காத்துவிடலாம். நான் இதுவரை செய்த முயற்சிகளில் மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தந்தது இதுவே.

பழுதுபார்க்கும்போது சிமெண்டை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பழைய செங்கல்லையும் சேர்த்துக்கொண்டு பூச்சு பெயர்ந்து விழும். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் என்ற அளவில் தொடங்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசலாம். முதலில் ஒரு சதுர அடியில் பூசிப் பார்த்து, வெடிப்பு வருகிறதா என்று சில நாள் பொறுத்திருந்து கவனித்த பிறகு முழுச் சுவருக்குப் போக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அவசரப்படுபவர்களுக்கு உரியதல்ல. சாக்கு போட்டு நனைத்து மெதுவாகக் காயவிட வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள்; இருப்பவரின் பெயரையும் உங்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவரோடு ஓர் இளைஞரையும் வேலைக்கு அனுப்புங்கள்.

கோயில் திருப்பணியைப் பற்றி ஒரு சொல். குடமுழுக்கு அறிவித்த பின் ஊரில் பணம் சேர்ந்துவிடும். பணம் சேர்ந்தால் தரைக்கு டைல்ஸ், தூணுக்கு வண்ணம், சுவருக்கு மணல் பீய்ச்சு என்று ஆசை வளரும். மணல் பீய்ச்சும் இயந்திரம் அழுக்கோடு எழுத்தையும் கொண்டுபோய்விடும். வெள்ளையடித்தால் சுவரோவியம் போய்விடும். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர் தம் ஊர்க் கோயிலின் கரும்புகை படிந்த கூரையைச் சுரண்டச் சொல்ல மாட்டார். எனவே திருப்பணிக் குழுவில் ஒருவரேனும் கல்வெட்டு, ஓவியம் ஆகியவற்றின் படங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, இந்து சமய அறநிலையத் துறையின் தொல்லியல் வல்லுநர் பார்வையிட்டுக் கருத்துச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கச் செய்ய வேண்டும்.

அஸ்திவாரம் தோண்டும்போது பானை கிடைத்தால்

கருப்பும் சிவப்புமான பானை ஓடுகளோ, தாழியோ, வட்டமாக அடுக்கிய கற்களோ தென்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டு, கிடைத்தவை மண்ணில் எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவிக்க வேண்டும். நாணயம், நகை போன்ற புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. மறைத்தால் குற்றம்.

சொன்னால் நிலம் போய்விடும் என்ற அச்சத்தால் இரவோடு இரவாக மூடிவிடுகிறார்கள். ஓர் இடத்தை மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வேண்டுமென்றால் முதலில் எண்ணத்தை வெளியிட்டு, இரண்டு மாத காலம் ஆட்சேபனைக்கு இடம் கொடுத்தாக வேண்டும். நான்கு பானை ஓடு கிடைத்த மறுநாளே மனையில் வேலி விழுவதில்லை. இதை ஊரில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். குழி தோண்டிய பிறகு சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால்

எல்லா முயற்சிக்கும் பிறகு ஒரு நடுகல்லை எடுத்தே தீர வேண்டிய நிலை வரலாம். அப்போது முதலில் வழிபடும் குடும்பத்தாரிடம் பேச வேண்டும். அவர்கள் ஒப்பாமல் கல் நகர்ந்தால் அது வழக்காகும், அல்லது சண்டையாகும். அவர்கள் ஒப்பினால் நாள் பார்த்து, பூசை செய்து, அவர்கள் கையாலேயே எடுக்கச் செய்யலாம். தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய ஆலோசனையின்படி, கல் நோக்கிய திசையையும் நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டு, அடிப்பகுதியைச் சுற்றிக் கையால் மண்ணைத் தள்ள வேண்டும். மண்ணுக்குள் புதைந்த பகுதியிலும் எழுத்து இருக்கலாம் என்பதால் கடப்பாரையும் பொக்லைன் வாளியும் அருகில் வரக் கூடாது. சாக்கும் வைக்கோலும் சுற்றி, அகலமான பட்டைக் கயிற்றால் தூக்கி, வண்டியில் மணல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

புதிய இடம் கூடுமானவரை அதே ஊரின் எல்லைக்குள், அதே குடும்பத்தார் நடந்துபோய்ப் பொங்கல் வைக்கும் தொலைவில் இருக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது அதற்கு அடுத்த வழி. நட்ட பிறகு, முதலில் எந்தப் புல எண்ணில், எந்தத் திசை நோக்கி நின்றது, எந்த நாளில், எதற்காக நகர்த்தப்பட்டது என்பதை ஒரு சிறு கல்லில் வெட்டிப் பக்கத்தில் நட வேண்டும். அந்தக் கல்லுக்கான செலவையும் சாலை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடும்படி அளவீட்டு நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.